ரோட்டுப் பக்கத்து ஜன்னல்

சுண்ணாம்புக்குளம்
நவம்பர் 12

அன்புள்ள கலைவாணி அக்காவுக்கு,

வைஷ்ணவி எழுதுகிறேன். நானும் அம்மாவும் நைனாவும் இருக்கிறோம். ‘நலமாக’ என்று சேர்த்து எழுதத்தான் நினைத்தேன். அம்மாவைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். நீயும் பிரவீன் மாமாவும் சுகமா?

நீ போன பிறகு உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. போன் எப்போதும் நைனா சட்டைப் பையில்தான். உன் நம்பரை என்னையே அழிக்கச் சொன்னார். மார்க்கெட்டுக்கு நண்டு எடுத்துப் போகிற கஸ்தூரியம்மா பொன்னேரியில் உன்னைப் பார்த்ததாகச் சொன்னார். அவர் கூடையில்தான் இந்தக் கடிதம் வருகிறது. எல்லாரும் தூங்கியபின், அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். நைனா புரண்டு படுத்தால் பேனாவை மூடிவிடுகிறேன்.

அம்மாவுக்கு ஐப்பசியிலிருந்து இருமல். ராத்திரி படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள். மூச்சு விடும்போது உள்ளே விசில் மாதிரி ஒரு சத்தம். எனக்கு அந்தச் சத்தம் நின்றாலும் பயம், நிற்காவிட்டாலும் பயம்.

உனக்கு ஒன்று தெரியாது. நீ போன மறுநாளே நைனா உடைந்த படகுப் பலகை இரண்டைக் கொண்டுவந்து, ரோட்டுப் பக்கத்து ஜன்னலில் குறுக்கே வைத்து ஆணி அடித்துவிட்டார். நீயும் மாமாவும் நின்று பேசுவீர்களே, அதே ஜன்னல். வீட்டுக்கு இருந்தது அது ஒன்றுதான். மழைக்காலம் என்பதால் அடுப்பும் உள்ளே வந்துவிட்டது.

என்ன செய்யலாம் என்று எழுது. நான் எழுதியதை யாரிடமும் சொல்லாதே.

உன் தங்கை,
வைஷ்ணவி


பொன்னேரி
நவம்பர் 19

என் செல்ல வைஷுவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் பாலை வைத்தது மறந்துபோய் பொங்கி வழிந்துவிட்டது. அவர் வந்து துடைத்தார்.

அம்மா எந்த விறகு எரிக்கிறாள்? ஈர வேலிகாத்தானா? வீட்டில் எங்கெங்கே சந்து இருக்கிறது, எங்கெங்கே அடைத்திருக்கிறது? கொசுவுக்கு என்ன கொளுத்துகிறீர்கள்? எல்லாம் விவரமாக எழுது. உன் மாமா இப்போது ஒயரிங் வேலையோடு, ஓட்டல் சமையல்கட்டுகளில் புகை இழுக்கிற ஃபேன் மாட்டும் வேலைக்கும் போகிறார். மாட்டுவதற்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பாராம். சாய்கிற பக்கம் காற்றுக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். நீயும் அப்படிப் பார். சாமிக்குக் காட்டுகிற மாதிரி காட்டினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக் கொடு. நண்டு வாசனை எனக்கு இப்போது ஒத்துக்கொள்வதில்லை. நண்டு பிடிக்கிற வீட்டில் பிறந்தவள் எழுதுகிற எழுத்தா இது என்று சிரிக்காதே.

பயப்படாமல் தூங்கு. அம்மா பக்கத்தில் படு.

அக்கா


சுண்ணாம்புக்குளம்
நவம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கவரில் சுற்றியிருக்கிறேன். கஸ்தூரியம்மா, “இன்னாடி, மருந்தா அனுப்புற, இவ்ளோ சுத்திக் கீது?” என்று கேட்டார். உனக்கு உடம்பு நன்றாக இருக்கிறதுதானே?

வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் காட்டிய ஊதுபத்தியோடு வீடு முழுக்கச் சுற்றினேன். அக்கா, புகை எங்கேயும் சாயவில்லை. நேராகப் போய் கூரையில் முட்டி நின்றது. கதவைச் சாத்திவிட்டால் நம் வீட்டில் காற்று நடக்கவே இல்லை. கூரைக்குக் கீழே இருந்த இரண்டு ஓட்டையையும் சாக்கு வைத்து அடைத்தாயிற்று. அடைத்தது நைனா. சாக்கை எடுத்துக் கொடுத்தது நான்.

ஏன் அடைத்தார் தெரியுமா? ஏரித் தண்ணீரில் காலையிலிருந்து நின்றுவிட்டு வருகிறவர்களுக்குக் காற்று பட்டால்தான் இருமல் வருமாம். அம்மாவும் அதையே சொல்கிறாள். வந்ததும் கதவைச் சாத்தி, அடுப்பை ஊதிவிட்டு, கை கால்களை நீட்டிக் காய்கிறாள். இருமுகிறாள். இருமினால் நைனா எழுந்து இன்னொரு சந்தை அடைக்கிறார். “எங்கியோ காத்து பூந்துக்கினு கீது” என்று சுவரைத் தடவிக்கொண்டே இருக்கிறார். பாவமாக இருக்கிறது, ஆனால் சொல்லப் பயம்.

விறகு ஈர வேலிகாத்தான்தான். சிலிண்டர் இருக்கிறது. விருந்தாளி வந்தால் டீ போட மட்டும். நம் வீட்டுக்கு இப்போது யார் விருந்தாளி வருகிறார்கள்? கொசுவுக்குத் தேங்காய் நாரும் சுருளும்.

ஒரே ஒரு இடத்தில் புகை சாய்ந்தது. பலகையில் ஒரு ஆணி துருப்பிடித்து ஆடுகிறது. அந்த ஓட்டைப் பக்கம் புகை மெதுவாகத் திரும்பி, நூல் மாதிரி வெளியே போனது.

ஜன்னலைப் பற்றி எழுதியிருந்தேனே, நீ அதற்கு ஒன்றுமே சொல்லவில்லையே.

உன் பதிலுக்காகத் தெருமுனையில் நிற்கும்
வைஷ்ணவி


பொன்னேரி
டிசம்பர் 8

செல்ல வைஷுவுக்கு,

சுகம். நீ கேட்டதற்காகச் சொல்கிறேன், எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

கஸ்தூரியம்மாவிடம் ஒரு கொசுவலை கொடுத்திருக்கிறேன். அவரே கொடுத்ததாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ஏரியைச் சுற்றி எத்தனை வலை கிடக்கிறது, நம் வீட்டில் கொசுவுக்கு ஒன்று இல்லை பார். அதைக் கட்டினால் நாரும் சுருளும் வேண்டாம். விறகை மழை படாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வை. காய்ந்த விறகு இவ்வளவு புகையாது. காலை உலையையாவது சிலிண்டரில் வைக்கச் சொல். விருந்தாளி வரமாட்டார்கள் என்று நீயே சொல்லிவிட்டாய்.

ஜன்னலைத் தொடாதே வைஷு. நைனாவிடம் கேட்கவும் கேட்காதே. அவர் அடித்தது ஜன்னலை இல்லை. உன் மாமா வீட்டாரைப் பற்றி, அவங்க வூட்ல நாம புடிச்ச எறா துன்னுவாங்க, நம்ம வூட்டுத் தண்ணி குடிக்க மாட்டாங்கன்னு அவர் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டும்தான் நான் போனேன். உன் மாமாவின் அம்மா லோகாம்பாளும் திருப்பாலைவனத்திலிருந்து இன்னும் எங்களைப் பார்க்க வரவில்லை என்பது நைனாவுக்குத் தெரிய வேண்டாம்.

அம்மா நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருந்தால் கொஞ்சம் அனுப்பு. அம்மாவுக்குத் தெரியாமல்.

அக்கா


சுண்ணாம்புக்குளம்
டிசம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

ஊறுகாய் வந்து சேர்ந்திருக்கும். அம்மா, “பாட்டில்ல பாதி எங்கடி?” என்றாள். நான் தின்றதாகச் சொன்னேன். வயிறு கெடும் என்று இரண்டு நாள் கஞ்சி கொடுத்தாள்.

கொசுவலை கட்டியாயிற்று. நைனா அதற்குள் தலையை நுழைத்துப் பார்த்து, “ஏரில மீனுக்கு எப்டி இருக்கும்னு இப்பத்தான் தெரிது” என்றார். அம்மா சிரித்தாள். நாரும் சுருளும் நின்றுவிட்டன. காலையில் சிலிண்டரில் டீயோடு உலையும் வைக்கிறாள். விசில் சத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் சாயங்காலம் குளிர் காய்வதற்கு மட்டும் விறகைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். வாடைக்காற்று ஆரம்பித்துவிட்டது. ஏரித் தண்ணீர் எலும்பைக் கடிக்கிறதாம்.

இப்போது எழுதுவதைப் படித்துவிட்டுத் திட்டாதே. நான் அந்த ஆடுகிற ஆணியைப் பிடுங்கிவிட்டேன். கையாலேயே வந்துவிட்டது. ஒரு பக்கம் பிடி போனதும் பலகை கொஞ்சம் கீழே இறங்கி, மேலே விரல் நுழைகிற அளவு சந்து விட்டது. திரும்பத் தூக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆணியை என் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறேன்.

காலையில் பார்த்தால் தரையில் ஒரு வெளிச்சக் கோடு. அம்மாவின் பாயைத் தாண்டி அடுப்பு வரைக்கும் நீளமாகக் கிடந்தது. நைனா அதைப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. டீயைக் குடித்துவிட்டு ஏரிக்குப் போய்விட்டார். இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டு அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. சுத்தியல் எடுக்கிறாரா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உடனே எழுது அக்கா.

வைஷ்ணவி


சுண்ணாம்புக்குளம்
ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? பதில் வரவில்லை. என் மேல் கோபமா? கஸ்தூரியம்மாவைக் கேட்டால், “உங்கக்கா நல்லாத்தான் கீறா. மாடிப்படி ஏறத்தான் மூச்சு வாங்குது. என்னைக் கண்டா கூடைய எட்ட வைன்றா” என்றார். உன் வீட்டிலும் புகையா? உன் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறதா? மாமாவிடம் சொல்லி ஊதுபத்தி ஏற்றிப் பார். ஊருக்கெல்லாம் ஃபேன் மாட்டுகிறவர் உன் வீட்டுக்கு ஒன்று மாட்டக்கூடாதா?

இங்கே ஒன்று நடந்துவிட்டது. அரையாண்டு லீவில் நானும் ஏரிக்குப் போயிருந்தேன். அம்மா எப்படிப் பிடிப்பாள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் துழாவுவாள், பறிக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பாள், கிடைத்த இறாலை வாய்க்குக் கீழே தொங்குகிற பறியில் போட்டுக்கொண்டே போவாள். வாய் திறக்க முடியாது. மூச்சு முழுவதும் மூக்கால்தான். எனக்கு அந்தப் பக்கம் நைனா, இந்தப் பக்கம் அம்மா. திடீரென்று அம்மாவுக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தாள். கண் பிதுங்கியது. வாயைத் திறந்துவிட்டாள். பறி தண்ணீரில் விழுந்து கவிழ்ந்து, காலையிலிருந்து பிடித்ததெல்லாம் போய்விட்டது. அம்மா இறாலைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தபடியே நின்றாள், உள்ளே காற்று போகவில்லை.

நைனா தன் பறியையும் போட்டுவிட்டு வந்தார். அம்மாவைத் தோளில் சாய்த்துக் கரைக்கு நடத்திக்கொண்டு போனார். மிதந்துகொண்டிருந்த இரண்டு பறியையும் நான் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அம்மா செத்துவிடுவாள் என்று நினைத்தேன். இப்போது படுத்திருக்கிறாள். நாளை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

நீயும் எழுதாவிட்டால் நான் யாரிடம் கேட்பேன்?

வைஷ்ணவி


பொன்னேரி
ஜனவரி 10

வைஷு,

உன் மேல் கோபம் இல்லை. ஒரு நாளும் இல்லை. ஆணியைப் பிடுங்கியதைப் படித்ததும் எனக்குப் பயமாகிவிட்டது, என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

அம்மாவுக்கு என்ன சொன்னார்கள்? ஒரு வரி போதும். உடனே அனுப்பு. எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிடு, நீ தனியாகச் சுமக்காதே.

என் வீட்டு ஜன்னல் பகல் முழுக்கத் திறந்துதான் இருக்கிறது. என் மூச்சுக்குக் காரணம் புகை இல்லை. பிறகு எழுதுகிறேன்.

அக்கா


சுண்ணாம்புக்குளம்
ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை சேர்த்தே எழுதுகிறேன், நாங்கள் நலமாக இருக்கிறோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் கேட்டது, “வீட்ல புகையா?” என்றுதானாம். நைனா, “இல்லம்மா, காத்து பட்டுச்சு. எல்லாத்தையும் அடைச்சுட்டேன், இன்னும் எங்கயோ பூருது” என்றார். அந்தம்மா அம்மாவின் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இது காத்து பட்டு வந்த இருமல் இல்லண்ணா. காத்து படாம வந்தது” என்றார். வாயில் வைத்து இழுக்கிற மருந்து கொடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சொன்னதை நைனா நம்பினாரா என்று அம்மாவுக்கே தெரியவில்லை.

மறுநாள் விடியும்போது கண் விழித்தேன். நைனா எழுந்து உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா தன் பாயில் இல்லை. தூக்கத்திலேயே நகர்ந்து நகர்ந்து, பலகைக்குக் கீழே போய், அந்தச் சந்துக்கு நேராக முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். விசில் சத்தம் இல்லை. நைனா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த ஆணி எங்க?” என்றார்.

ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

“மீதிய நீயே புடுங்கறியா, நா புடுங்கட்டா?”

நான் அழுதுவிட்டேன். “அட, இன்னாத்துக்கு அழுற? போய் சுத்திய எடுத்தா” என்றார். பலகை இரண்டும் வெளியே வந்தன. கூரை ஓட்டைச் சாக்கையும் அவரே உருவிப் போட்டார். அத்தனை நாள் புகையும் சாக்கில் இருந்தது, நனைத்துப் பிழிந்தால் கறுப்புத் தண்ணீர். இப்போது பலகைகளை வெளியே சுவரோரம் கட்டி, மேலே தகரம் போட்டு, அதன் கீழே அடுப்பை வைத்துவிட்டார். அம்மா சாயங்காலம் அங்கேதான் குளிர் காய்கிறாள். “அடுப்பு காத்து வாங்க வெளிய வந்துடுச்சு” என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேலி செய்கிறார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வருகிறது. இருமாமல் சிரிக்கிறாள்.

நீ சொன்னபடி எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன். திட்டவில்லை. உனக்கு மூச்சு வாங்குகிறது, நண்டு வாசனை ஆகவில்லை, ஊறுகாய் கேட்டாய், உன் வீட்டிலும் எங்கேயோ புகை இருக்கிறது என்று சொன்னேன். “புகையாம் புகை. படுத்துத் தூங்குடி” என்றாள். மறுநாள் பெட்டியிலிருந்து தன் பழைய பருத்திப் புடவைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நைனா பார்த்துக்கொண்டே போனார். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

வைஷ்ணவி


பொன்னேரி
பிப்ரவரி 5

என் வைஷுவுக்கு, அம்மாவுக்கும்,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை உன் மாமா சத்தமாகப் படித்தார். ஆணி இடம் வந்ததும் நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, உனக்குத்தான் தெரியவில்லை. நீ சித்தியாகப் போகிறாய். எனக்கு ஏழாம் மாசம். உன் முதல் கடிதம் வந்தபோதே நான் மூன்று பேருக்கும் எழுத ஆசைப்பட்டேன். எழுதினால் அம்மா இருமிக்கொண்டே பஸ் ஏறிவிடுவாள் என்று பயம். நைனா ஏறமாட்டார் என்பது அதைவிடப் பெரிய பயம். அதனால்தான் விறகைப் பற்றியும் கொசுவலையைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் லோகாம்பாள் அத்தை வந்தார். வாசலில் நின்றார், உள்ளே வந்தார், தண்ணீர் கேட்டார். நான் கொடுத்தேன், குடித்தார். அவ்வளவுதான். ஆனாலும் எனக்கு அது போதும் போல இருந்தது.

நைனாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அம்மாவே முடிவு செய்யட்டும். நான் எதுவும் கேட்கவில்லை. ஜன்னல் திறந்ததே போதும்.

புடவை காய்ந்துவிட்டதா என்று அம்மாவிடம் கேள்.

கலைவாணி


சுண்ணாம்புக்குளம்
பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான், அம்மா, நைனா மூவரும் நலம். இது நான் பகலில் எழுதுகிற முதல் கடிதம். ஜன்னலடியில் உட்கார்ந்து, அதன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். நைனா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அவர் உள்ளே வந்து உட்கார மாட்டேன் என்றார். வெளியே ரோட்டில், மாமா வண்டியை நிறுத்திவிட்டு நிற்பாரே, அதே இடத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். இனிமேல் வருவது அவர் சொன்னது. ஒன்றையும் மாற்றக்கூடாது என்றார்.

“கலைவாணிக்கு நைனா சொல்றது. உங்கம்மா நல்லா கீறா. நேத்து ஏரிக்கு வந்தா. பறிய உடாம புடிச்சா. எழுதிட்டியா?

“வெளில அடுப்பு சரிதான். மழை வந்தா திரும்ப உள்ள வரணும். அந்த ஒயரிங்காரன் கீறானே, அவனுக்குப் புகை இழுக்கிற ஃபேன் நம்ம வூட்ல மாட்டத் தெரியுமான்னு கேளு. ஓட்டை எந்த எடத்துல போடணும்னு அவனே வந்து பாக்கட்டும். வாடை எந்தப் பக்கம் அடிக்கும், தென்னல் எந்தப் பக்கம் அடிக்கும்னு நா சொல்றேன். அது அவனுக்குத் தெரியாது.

“வந்தா ஃபேன மாட்டிட்டு கைய கழுவிக்கினு போற வேலை வாணாம். குந்தி சாப்டணும். தண்ணி குடிக்கணும்.”

“மாமா குடிப்பாரு நைனா” என்றேன்.

“உன்னக் கேட்டனா? எழுது. புள்ள பெத்துக்க இங்க வரட்டும். பச்சப் புள்ளைக்குப் புகை ஆவாதுன்னு யோசிப்பா. புகை இல்லன்னு எழுது. கொசுவலை கீதுன்னு எழுது. ஜன்னல் தொறந்துதான் கீதுன்னு எழுது.”

அடுத்த வரிக்காக நான் பேனாவோடு காத்திருந்தேன். அப்போது பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு எல்லப்பன் மாமா ரோட்டில் போனார். நைனாவைப் பார்த்து நின்று, “இன்னா நாகப்பா, வெயில்ல நின்னுக்கினு ஜன்னலண்ட யாராண்ட பேசற?” என்று கேட்டார்.

நைனா கம்பியை விடவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

“எம் பெரிய பொண்ணாண்ட. நீ போ” என்றார்.

இதை எழுதச் சொல்லவில்லை. நானாகத்தான் எழுதியிருக்கிறேன்.

வைஷ்ணவி